வாடகை வீட்டில் மதத்தின் பேரால் தொல்லையா? புகார் எழுதும் முறையும் உதவி கேட்கும் இடங்களும்



சிப்காட்டை நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களில் பல வாடகைக்குத்தான் குடியிருக்கின்றன. லைன் வீடு, மாடி போர்ஷன், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை என்று கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி தொடங்கி திருவள்ளூர் வரை பரவியிருக்கிறோம். அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் நல்லவர்கள். நோன்புக் கஞ்சியை வாங்கிக்கொள்வார்கள், பொங்கலைக் கொண்டுவந்து தருவார்கள், நாம் ஷிப்டுக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே ஒருவர் மதத்தைச் சொல்லித் தொல்லை கொடுக்கத் தொடங்கினால் போதும், அந்த வீட்டில் தூக்கம் போய்விடும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

வீடு கிடைக்காமல் போவது வேறு, கிடைத்த வீட்டில் தொல்லைப்படுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

"முஸ்லிமுக்கு வீடு தருவதில்லை" என்று சொல்லி அனுப்புவது நமக்குப் பழகிப்போன அவமானம். டெல்லியிலும் அதன் புறநகர்களிலும் வாடகை விளம்பரங்களுக்குப் பல பெயர்களில் விண்ணப்பித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயருக்கு 100இல் 35 வீட்டுக்காரர்கள் பதில் சொன்னார்கள், முஸ்லிம் பெயருக்கு 22 பேர்தான். இது அநியாயம்தான். ஆனாலும் தனியார் ஒருவர் தன் வீட்டைத் தர மறுப்பதைத் தண்டிக்கும் நேரடியான சட்டம் நம்மிடம் இல்லை. அரசியல் சாசனத்தின் 15(2) கூறு கடை, ஹோட்டல், கிணறு, குளம் போன்ற பொது இடங்களைச் சொல்கிறது. தனியார் வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த இடத்தில் சண்டை போட்டுக் காலத்தைக் கழிப்பதைவிட அடுத்த வீட்டைத் தேடுவதே நடைமுறை.

சாவியை வாங்கிக் குடியேறிய பிறகு நிலைமையே வேறு. இப்போது அது உங்கள் குடியிருப்பு. அங்கே வந்து மிரட்டுவதும், மதத்தைச் சொல்லி ஏசுவதும், தண்ணீரை நிறுத்துவதும், பூட்டை மாற்றுவதும் சட்டத்துக்கு விரோதமானவை. நம் மக்கள் விட்டுக்கொடுத்துவிட்டு ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

வதோதராவில் நடந்தது

குஜராத்தின் வதோதரா நகரில் ஹர்ணி என்ற பகுதியில் மாநகராட்சி கட்டிய 462 வீடுகள் கொண்ட குடியிருப்பு இருக்கிறது. 2017இல் அரசுத் திட்டத்தின் கீழ் அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. அங்கே ஒதுக்கீடு பெற்ற ஒரே முஸ்லிம் அவர்தான். அவர் குடிவரக் கூடாது என்று 2020இலேயே முதலமைச்சர் அலுவலகத்துக்கு மனு போனது. 2024 ஜூனில் போராட்டம் நடந்து, 33 பேர் கையெழுத்திட்டு ஆட்சியருக்கும் மாநகராட்சிக்கும் காவல் ஆணையருக்கும் புகார் கொடுத்தார்கள். அவர் செய்த குற்றம் என்று எதுவும் இல்லை, அவருடைய மதம் ஒன்றுதான் காரணம்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. கையில் ஒதுக்கீட்டு ஆவணம் இருந்ததால் அவருடைய உரிமையை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை. திட்டத்தில் மத வேறுபாடு கிடையாது என்று அதிகாரிகளே சொல்ல வேண்டி வந்தது. ஆனால் காகிதம் இருந்தும் இத்தனை ஆண்டுகள் அவரால் அந்த வீட்டில் குடியிருக்க முடியவில்லை. எதிர்ப்பவர்கள் மனு மேல் மனுவாக எழுதிப் பதிவு செய்துகொண்டே போனார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு எதிரில் நம் தரப்பு ஊமையாக இருந்தால், கோப்பில் அவர்கள் பேச்சு மட்டும்தான் இருக்கும்.

சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நம் நாட்டில் 'வெறுப்புக் குற்றம்' என்ற பெயரில் தனிச் சட்டப் பிரிவு இல்லை. பிரிட்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அதை விசாரித்த மெக்பெர்சன் குழு 1999இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு அங்கே ஒரு வழக்கம் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இது இனவெறியால் நடந்தது என்று கருதினால், போலீஸ் அதை அப்படித்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். நம் காவல் நிலையத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெறுப்புக் குற்றங்களைத் தனியாகக் கணக்கெடுக்க 2017இல் முயன்று, விவரங்கள் நம்பத்தகுந்தவையாக இல்லை என்று விட்டுவிட்டது.

ஆகவே நோக்கம் என்ன என்பதை நாம் எழுதினால்தான் அது பதிவாகும். "எதிர்வீட்டுக்காரர் தகராறு செய்கிறார், நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் அது தண்ணீர்க் குழாய்ச் சண்டையோடு சேர்ந்துவிடும். இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இனிமேல் ஒழுங்காக இருங்கள்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சமாக இருக்கும், குறிப்பாக நம் பெண்களுக்கு. ஆனால் வழக்கு நிற்பதே அந்த வார்த்தையின் மேல்தான்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் இரவு ஷிப்டில் இருக்கிறார். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். எதிர் போர்ஷனில் இருப்பவர் குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கிறார். புகார் இப்படி இருக்கலாம்:

"நான் மேற்கண்ட முகவரியில் எட்டு மாதமாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். இம்மாதம் 12ஆம் தேதி இரவு சுமார் 9.30 மணிக்கு எதிர் போர்ஷனில் குடியிருக்கும் (பெயர்) என் கதவை மூன்று நான்கு முறை உதைத்தார். 'துலுக்கச்சிக்கு இங்க என்ன வேலை, ரெண்டு நாள்ல காலி பண்ணலன்னா உள்ள வெச்சுக் கொளுத்திடுவேன்' என்று கத்தினார். அப்போது நானும் என் 9 வயது, 5 வயதுப் பிள்ளைகளும் மட்டும் இருந்தோம். கீழ் வீட்டில் குடியிருக்கும் (பெயர்) சத்தம் கேட்டு மேலே வந்தார். கதவின் தாழ்ப்பாள் உடைந்துள்ளது, போட்டோ இணைத்துள்ளேன். தெருமுனைக் கடையில் கேமரா இருக்கிறது. கடந்த மாதம் 20ஆம் தேதியும் இதே நபர் என் ஹிஜாபைக் காட்டி ஏசினார். எங்கள் மதத்தைக் காரணம் காட்டியே இது தொடர்ந்து நடக்கிறது. எங்கள் உயிருக்குப் பயமாக இருக்கிறது. வழக்குப் பதிவு செய்து பாதுகாப்பு தருமாறு வேண்டுகிறேன்."

தேதி, நேரம், வார்த்தை, சாட்சி, சேதம், முன்பு நடந்தது எல்லாம் இதில் இருக்கின்றன. சட்டப் பிரிவு எண் எதுவும் இல்லை. அதைப் போடுவது போலீசின் வேலை. நாமாக ஊகித்து எழுதுவதோ, நடக்காததைச் சேர்ப்பதோ கூடவே கூடாது. ஒரு சொல் பொய்யென்று தெரிந்தாலும் மீதி உண்மையும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இருந்தாலும் பிரிவுகளைத் தெரிந்து வைப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் உள்ளது. மதத்தைச் சொல்லிப் பகையை வளர்ப்பது 196ஆம் பிரிவு (பழைய 153ஏ). மத உணர்வைத் தீய நோக்கத்தோடு அவமதிப்பது 299. மத உணர்வைப் புண்படுத்தவென்றே ஒருவர் காதுபடப் பேசுவது 302. மிரட்டல் 351. அதிலும் கொலை செய்வேன், தீ வைப்பேன் என்ற மிரட்டலுக்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. அத்துமீறி நுழைவது 329, பொருளை உடைப்பது 324. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லும் சைகையும் 79. மேலே சொன்ன உதாரணத்தில் இவற்றில் பல சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். 'காலி பண்ணு' என்ற ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது!

எல்லாத் தொல்லையும் மதவெறுப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்பதும், வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுப்பதும் எல்லோருக்கும் நடப்பதுதான். மோட்டார் போடும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், குப்பை இதிலெல்லாம் வரும் சண்டையை மதச் சண்டையாக்கி எழுதினால், நாளை உண்மையாகவே ஒருவர் பாதிக்கப்படும்போது அவர் புகாரின் மதிப்பு குறையும்.

காவல் நிலையத்தில்

ஆபத்து அந்த நிமிடமே இருந்தால் 112க்கு அழையுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும், பின்னால் அதுவே ஒரு சாட்சி. மனு கொடுக்கப் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். ஜமாஅத்திலிருந்து முப்பது பேர் போய் நின்றால் அது வேறு பிரச்சினையாகிவிடும். பாதிக்கப்பட்டவரும், நிதானமாகப் பேசத் தெரிந்த ஒருவரும் போதும். புகார்தாரர் பெண்ணாக இருந்தால் கூட ஒரு பெண் இருக்கட்டும். பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் சட்டம்.

எழுத வராதவர் வாயால் சொல்லலாம். அதை அதிகாரி எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம், இதைத்தான் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். மின்னணு முறையில் அனுப்பியும் புகார் தரலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

மனுவைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். அது மனு வந்து சேர்ந்ததற்கான சான்று மட்டும்தான், வழக்குப் பதிவு ஆகாது. பலர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ் போட்டாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்குப் பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தர வேண்டும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை வரும் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே அன்றே பதியவில்லை என்றால் கோபப்படாமல், எந்த அடிப்படையில் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மறுத்தேவிட்டால் அதே மனுவை ஒப்புகையுடன் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்குத் திருவள்ளூர் எஸ்.பி. அலுவலகம். மீஞ்சூர், சோழவரம், செங்குன்றம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆவடி காவல் ஆணையர். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். வெறுப்புப் பேச்சு விஷயத்தில், யாரும் புகார் தராவிட்டாலும், பேசியவர் எந்த மதத்தவராக இருந்தாலும் போலீஸ் தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. வழக்குப் பதிந்த பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும்.

செல்போன் விஷயம்

மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாலும் அந்த போனையும் விற்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்துக்கு மூலக் கருவி தேவைப்படலாம். கடை கேமராப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும், அதனால்தான் கேமரா இருப்பதை முதல் மனுவிலேயே எழுதச் சொன்னேன்.

வீடியோவை குரூப்பில் பரப்ப வேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களை வைத்துப் பொய்ச் செய்தி பரவியது. தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அது பொய் என்று விளக்க வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. நம் வீடியோ உண்மையாகவே இருந்தாலும், பத்து குரூப் தாண்டும்போது ஊர்ப் பெயரும் தேதியும் மாறி வேறு எங்கேயோ தீயைப் பற்ற வைக்கலாம். நம் பிள்ளைகளே வழக்கில் சிக்கவும் கூடும்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால்

நிறைய வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். "எனக்கு எதுக்குப்பா பிரச்சினை, நீங்க வேற இடம் பாத்துக்கங்க" என்பார்கள். தொல்லை கொடுத்தவர் இருப்பார், தொல்லைப்பட்டவர் போக வேண்டும்! அவரைப் பகைத்துக்கொள்ளாமல் பேசுங்கள். முடிந்தால் அவரையே சாட்சியாக்குங்கள். உடைந்தது அவர் வீட்டுக் கதவுதானே.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அதற்கான காரணங்களைச் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. மதம் அதில் இல்லை, பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்பதும் இல்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து உடனே திரும்பப் பெற உத்தரவு வாங்கலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களுக்கான கோட்ட அலுவலகம் பொன்னேரியில் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். இது நகர்ப்புறங்களை மனதில் வைத்து வந்த சட்டம். நீங்கள் ஊராட்சி எல்லையில் இருந்தால் உங்கள் தெரு இதில் வருமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தில் நமக்கு எதிராகத் திரும்பக்கூடிய இரண்டு இடங்கள் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே வெளியேற்றக் காரணமாகலாம். வாய்ப்பேச்சில் வீடு எடுத்து, அட்வான்ஸைக் கையில் கொடுத்து, ரசீதும் வாங்காமல் குடியிருப்பது நம்மிடம் மிகச் சாதாரணம். ஒப்பந்தம் போட்டு அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிந்து எண் வாங்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் அதுதான் செல்லும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது, வாடகை பாக்கி. கோபத்தில் "இந்த மாதம் தரமாட்டேன்" என்று நிறுத்திவிட்டால் அதுவே அவர்களுக்கு நல்ல காரணமாகிவிடும். அவர் வாங்க மறுத்தால் வங்கி வழியாகவோ மணியார்டராகவோ அனுப்புங்கள். அதையும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழியிருக்கிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டைவிட்டு உறவினர் வீட்டுக்குப் போவதில் தவறே இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீரம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சாவியைக் கொடுக்காதீர்கள், பொருள்களை எடுக்காதீர்கள். "பாதுகாப்புக்காகச் சில நாள் வெளியே இருக்கிறோம், வீட்டைக் காலி செய்யவில்லை" என்று வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். பின்னால் நீங்களே விருப்பப்பட்டுக் காலி செய்ததாக யாரும் சொல்ல முடியாது. வேறு வீடு போவதென்று முடிவெடுத்தாலும் புகாரைக் கொடுத்துவிட்டே போங்கள். அடுத்து அந்தப் போர்ஷனுக்குக் குடிவருவதும் நம்மைப் போன்ற ஒரு குடும்பமாக இருக்கலாம்.

யார் துணை நிற்பார்கள்

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதுதான் பலருடைய தயக்கம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். சிப்காட்டில் வேலை செய்யும் நம் சகோதரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருவள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். காயமோ பெரிய இழப்போ ஏற்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் முகவரி எண் 1100. சென்னையில் மாநில சிறுபான்மையினர் ஆணையமும் மாநில மனித உரிமை ஆணையமும் இருக்கின்றன. போலீஸ் மனுவின் நகல், சி.எஸ்.ஆர். எண், தபால் ஒப்புகை இவற்றோடு எழுதினால்தான் அங்கே வேலை நகரும். இவை எதுவும் எஃப்.ஐ.ஆருக்கு மாற்று அல்ல.

பிள்ளைகளைக் கவனியுங்கள். கதவு தட்டும் சத்தத்துக்கே நடுங்குவது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்பது எல்லாம் பயத்தின் அடையாளங்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

வங்கம், பீகார், அசாமிலிருந்து வந்து நம் பள்ளிவாசல்களில் தொழும் சகோதரர்களின் நிலைமை இன்னும் சிரமம். தமிழ் தெரியாது, ஒப்பந்தம் கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும், "பங்களாதேஷியா நீ?" என்ற கேள்வி வேறு. அவர்களுடைய ஆதார், வாக்காளர் அட்டை, சொந்த ஊர் ஆவணங்களின் நகல் ஊரிலுள்ள குடும்பத்திடமும் ஒன்று இருக்கட்டும். ஜமாஅத்தில் இந்தி தெரிந்த ஒருவரும், தெளிவாகத் தமிழில் மனு எழுதக்கூடிய ஒருவரும் இருந்தால் பெரிய உதவி. எழுதிய மனுவை அவர் மொழியில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதுதானே நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.